காற்றுக்குக் கண் திறந்த வீடு

கணவாய்ப்புதூரில் காற்றுக்குக் கண் திறந்தது வைகாசி மாதத்துக் கடைசி முகூர்த்தத்தில், செங்கல் சூளை பலவேசம் தன் புதுவீட்டுக்குப் பால் காய்ச்சிய காலையில். அதற்கு முன்பெல்லாம் அந்த ஊரில் காற்று எதையும் பாராமல்தான் அடித்துக்கொண்டிருந்தது, மலை இடுக்கு வழியாகப் புகுந்து, கொடியில் கிடந்த வேட்டியை உருவி, கூரைத் தகரத்தைத் தூக்கி, சோற்றுத் தட்டில் மண்ணை அள்ளிப் போட்டு, எது யார் வீடு என்று தெரியாமல் கிழக்கே போய்க்கொண்டிருந்தது. ஊரும் அதன்மேல் கோபப்பட்டதில்லை.

பலவேசத்துக்கு வீடு கட்டுவதில் ஒரு பிடிவாதம் இருந்தது, ஊரில் எவன் வீட்டிலும் இல்லாத அளவுக்கு ஜன்னல் வைக்கவேண்டும் என்று. கூடத்துக்கு வைத்தார், மாடிப்படிக்கு வைத்தார், குளியலறைக்கு இரண்டு வைத்தார், சாமி அறைக்கும் ஒன்று வைத்துவிட்டு, "சாமிக்கும் வேர்க்கும்லா" என்றார். செங்கல் விற்கிறவர் சுவரைக் குறைத்து ஓட்டையைக் கூட்டுகிறாரே என்று கொத்தனார்கள் சிரித்தார்கள், ஆனால் வேலை நடந்தது. மகள் உலகம்மைக்கு மாடியில் மேற்கு பார்த்த அறை, காற்றாடி ஆலைகள் எல்லாம் தெரிகிற மாதிரி ஒரு பெரிய ஜன்னலோடு. அந்த ஜன்னலை அவரே நின்று வைக்கச் சொன்னார். பெண்பிள்ளை மேல் உயிரையே வைத்திருந்தார், அதில் பொய் ஒன்றும் இல்லை.

பால்காய்ப்புக்கு வந்தவர்களில் உலகம்மைக்குப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் எடுத்த ரத்னபாய் டீச்சரும் ஒருத்தி. மைக் செட் போட்ட இடத்தில் படித்தவர் ஒருவர் அகப்பட்டால் விடுகிற ஊரா அது, நாலு வார்த்தை பேசச் சொல்லி நிறுத்திவிட்டார்கள். என்ன பேசுவது என்று சுற்றிலும் பார்த்தவளுக்கு ஜன்னல்தான் கண்ணில் பட்டது.

"விண்டோ விண்டோங்கோமே, அது ஒரு வார்த்தை இல்ல, ரெண்டு வார்த்தைய ஒட்டி வச்சது" என்றாள் டீச்சர். "முன்பாதி காத்து, பின்பாதி கண்ணு. வடக்க பனிக்கடல்ல கப்பல் ஓட்டின ஜனங்க வீட்டுல புகை போக ஒரு ஓட்டை விடுவாங்களாம். கண்ணாடி கிடையாது, கதவு கிடையாது, வெறும் ஓட்டை. அதுக்கு அவங்க வச்ச பேரு காத்தோட கண்ணு. அந்தப் பேரு இங்கிலீசுக்குள்ள போயி, தேஞ்சு தேஞ்சு, கண்ணுங்கது இப்ப வெறும் ஓன்னு நிக்கி. நம்ம பழைய தமிழ்ல இதுக்கு காத்து போற வழின்னு பேரு. ஜன்னல்ங்கதும் நம்ம வார்த்தை இல்ல, அது போர்ச்சுக்கல்காரன் கப்பல்ல வந்து இறங்கினது."

எல்லோரும் கைதட்டினார்கள், பந்திக்கு இலை போடச் சொன்னார்கள், ஆனால் பலவேசத்துக்கு முகம் மாறிவிட்டது. அந்த ஊரில் கண் உள்ள எதையும் கண் திறக்காமல் வைக்கிற வழக்கம் இல்லை. கோயில் சிலைக்குத் திறப்பார்கள், அய்யனாருக்கு விடுகிற மண்குதிரைக்குத் திறப்பார்கள், சூளை வாசலில் வைக்கிற திருஷ்டிப் பொம்மைக்குக்கூடத் திறப்பார்கள். முறையாகத் திறக்காத கண் தானாகத் திறந்து முதலில் எதைப் பார்க்கிறதோ அது விளங்காது என்பது அங்கே ஒரு நம்பிக்கை. "இத்தனை கண்ணு வச்சிருக்கேன், ஒரு கண்ணையாவது திறந்தமா?" என்று கேட்டுக்கொண்டு பலவேசம் பந்திக்குள் போய், மண்குதிரை செய்கிற வேளாரைப் பாதி இலையில் எழுப்பிக் கூட்டிவந்தார்.

வேளார் பாலையும் தேனையும் குழப்பி, ஒரு தருப்பைப் புல்லால் ஒவ்வொரு ஜன்னலின் அடிக்கட்டையையும் தொட்டுக்கொண்டே போனார். கண் திறந்ததும் காட்டவேண்டியவை மூன்று, கண்ணாடி, கன்றோடு பசு, கன்னிப்பெண். கண்ணாடியை பீரோவிலிருந்து கழற்றினார்கள், பசுவும் கன்றும் பால்காய்ப்புக்கு வந்து வாசலில்தான் நின்றன, கன்னிப்பெண்ணுக்கு எங்கே போவது, உலகம்மை கையில் விளக்கைக் கொடுத்து ஒவ்வொரு ஜன்னலுக்கும் முன்னால் நிறுத்தினார்கள். பட்டுப் பாவாடையில் அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள். மாடி ஜன்னலுக்கு முன் அவள் நின்றபோது அந்த வீட்டு ஜன்னல் கதவுகள் எல்லாம் ஒருமிக்க மூடித் திறந்தன, ஒரு தடவை, மெதுவாக. கண்ணாடிகளில் ஈரம் மினுங்கியது. "பாத்துட்டு" என்றார் வேளார், கையைக் கழுவிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து சாப்பிடப் போனார்.

காற்று ஒன்றுதானே, பலவேசம் வீட்டுக்கு மட்டும் தனிக்காற்றா அடிக்கிறது, அதனால் பொழுது சாய்வதற்குள் ஊரில் இருந்த ஜன்னல்களெல்லாம் பார்க்கத் தொடங்கிவிட்டன. ஓட்டு வீட்டுக் கம்பி ஜன்னல் பார்த்தது, பள்ளிக்கூடத்து உடைந்த ஜன்னல் பார்த்தது, நின்றுபோன பழைய பஸ்ஸின் ஜன்னல்கூடப் பார்த்தது. பெண்கள் சேலை மாற்றும்போது "கண்ண மூடு" என்றார்கள், அதுவும் மரியாதையாக மூடிக்கொண்டது. வடை சுடுகிறவர்கள் முதல் வடையை ஜன்னல் கட்டையில் வைத்தார்கள், கண் பட்டு வயிறு வலிக்காமல் இருக்க. பச்சைப் பிள்ளைக்கு மை வைக்கும்போது விரலில் மிச்சமிருந்ததை ஜன்னல் ஓரத்திலும் தடவினார்கள். வெள்ளிக்கிழமை பூசணிக்காய் யார் கண்ணுக்காகச் சுற்றுகிறோம் என்பதில் கொஞ்சம் குழப்பம் வந்தது, ஆனால் சுற்றுவதை நிறுத்தவில்லை.

ஒரு சங்கடம்தான் இருந்தது. ஒரு ஜன்னல் துக்கத்தைப் பார்த்தால் ஊரில் எல்லா ஜன்னலும் அழுதன. மேலத்தெருவில் ஒரு பெரியவர் கண்ணை மூடிய அன்று கீழத்தெருவில் கட்டையெல்லாம் நனைந்தது. ஆரம்பத்தில் ஜனங்கள் துணியால் துடைத்துவிட்டு, யார் வீட்டில் என்ன என்று ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டார்கள். கேட்கப் போன இடத்தில் சண்டை வந்தது. எங்க வீட்டுல என்ன நடந்தா ஒனக்கென்ன என்றான் ஒருவன், அவன் பெண்டாட்டி கன்னத்தில் விரல் பதிந்திருந்தது. அப்புறம் கேட்பதை விட்டார்கள். அரிசிக்கடை சங்கரபாண்டியன்தான் அதற்கு நல்ல ஒரு பேர் கண்டுபிடித்தார். "ஜன்னலுக்கு மெட்ராஸ் ஐ வந்திருக்கு, வேற ஒண்ணுமில்ல" என்றார், உடனே எல்லோருக்கும் நிம்மதியாகப் போயிற்று. நந்தியாவட்டைப் பூவை நனைத்து ஒற்றினார்கள், பிள்ளை பெற்றவர்களிடம் தாய்ப்பால் வாங்கி இரண்டு சொட்டு விட்டார்கள். நாடகம்தான், ஆனால் எல்லோரும் சேர்ந்து ஆடுகிற நாடகத்தில் ஒருவன் மட்டும் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க முடியுமா?

ஆனி பிறந்து சில நாளில் உலகம்மை அப்பாவிடம் தான் ஒருவனை விரும்புவதாகச் சொன்னாள். மறைக்கத் தெரியாத பெண், கூடத்தில் நின்று நேராகவே சொன்னாள். காற்றாடி ஆலையில் ஏணி ஏறி வேலை பார்க்கிறான், நல்ல மாதிரி, டிப்ளமோ படித்தவன். பலவேசம் எந்தத் தெரு என்று கேட்டார். அவள் தெருவைச் சொன்னதும் அதற்குமேல் அவன் பெயரைக்கூட யாரும் கேட்கவில்லை. அவன் பெயர் அன்புதாசன்.

அன்றைக்கு அவளை மாடி அறையில் போட்டுப் பூட்டினார்கள். செல்போனை அம்மியில் வைத்து நசுக்கினார்கள். அடித்தார்கள், அதை எதற்குப் பூசி மெழுகவேண்டும், பெல்ட்டால் அடித்தார்கள். அன்றைக்குக் கணவாய்ப்புதூர் ஜன்னல்கள் அழுத அழுகையில் தலையணை நனைந்தது, காலண்டர் ஊறித் தொங்கியது, ஊரில் நந்தியாவட்டைப் பூ தீர்ந்து அடுத்த ஊருக்குப் போய்ப் பறித்துவந்தார்கள். ஒருவரும் ஒருவரையும் கேட்கவில்லை. தெருவில் சந்தித்துக்கொண்டால், "ஒங்க வீட்லயும் மெட்ராஸ் ஐயா?", "ஆமா மயினி, இந்த வருசம் சாஸ்தி" என்று பேசிக்கொண்டு, பலவேசம் வீட்டுப் பக்கம் மட்டும் திரும்பாமல் போனார்கள்.

ரத்னபாய் டீச்சருக்குத்தான் பொறுக்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு போனாள், மழைக்கு அல்ல, வழியெல்லாம் ஜன்னல்கள் சொட்டிக்கொண்டிருந்தன. பலவேசம் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்காரவைத்தார்.

"உலகம்மைய ஒரு தடவ பாத்துட்டுப் போயிருதேன் அண்ணாச்சி."

"அவ சித்தி வீட்டுக்குப் போயிருக்கா."

மேலே மாடி ஜன்னல் தாரை தாரையாக வடிந்து டீச்சர் மடியில் சொட்டியது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவரும் பார்த்தார்.

"நீங்க சொல்லிக் குடுத்த படிப்பு போதும் டீச்சர்" என்றார் பலவேசம், குரலை உயர்த்தாமல். "இந்தக் கண்ணையெல்லாம் திறந்து வச்சதே ஒங்க வாய்தான். இனிமே நான் பாத்துக்கிடுதேன்."

மறுநாள் சூளையிலிருந்து ஒரு லோடு செங்கல் வந்து இறங்கியது. ஆள் வைக்கவில்லை, அவரே சாந்து குழைத்து, பலகையும் கண்ணாடியும் கம்பியும் கழற்றிப்போட்டுவிட்டு, வீட்டுக்கு உள்ளிருந்தபடி ஒவ்வொரு ஜன்னலாக அடைத்தார். கூடத்தை அடைத்தார், மாடிப்படியை அடைத்தார், சாமியின் ஜன்னலையும் அடைத்தார். மகளின் ஜன்னலை அடைக்கும்போது அது அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தது, கடைசிக் கல் வைக்கிற வரைக்கும். அவர் ஒரு தடவை முண்டாசை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார் என்றுதான் சொல்லவேண்டும், துடைத்தார், ஆனால் கல்லை வைத்தார். அடுக்களை ஜன்னலைக் கடைசியாக அடைத்தார். இத்தனை வருடம் செங்கல் விற்றவர், சுவர் எழுப்பினால் நாள்தவறாமல் நீர் விடவேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவர், தன் சுவருக்கு நீர் விடவில்லை. ஈரச் சுவரைப் பார்த்து எவனாவது என்ன ஏது என்று கேட்டுவிடுவானோ என்ற பயம்.

அந்த வீட்டுக்குள் காற்றுக்குப் பார்வை போயிற்று, ஊர் ஜன்னல்கள் காய்ந்தன. "ஒரு வழியா சரியாப்போச்சு" என்று ஊர் மூச்சு விட்டது. நனைந்த தலையணைகளை மொட்டைமாடியில் காயப்போட்டார்கள். மெட்ராஸ் ஐக்கு எந்த மருந்து கேட்டது என்று கொஞ்சநாள் விவாதித்தார்கள், தாய்ப்பால் கட்சி ஜெயித்தது. டீச்சர் போலீசுக்குப் போனாள். வந்த போலீஸ்காரர் வாசலில் காப்பி குடித்துவிட்டு, பெண் சித்தி வீட்டில் இருக்கிறாளாம் என்று அவளிடமே வந்து சொன்னார்.

உள்ளே பட்டப்பகலில் டியூப்லைட் வெளிச்சத்தில் சமைத்துக்கொண்டிருந்தாள் செண்பகவடிவு, பலவேசத்தின் மனைவி. அவளைப் பற்றி இதுவரை ஒன்றும் சொல்லவில்லை, சொல்வதற்கு அவள் ஒன்றும் வைத்ததில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அவள் குரல் தாளிக்கிற சத்தத்துக்கு மேலே எழும்பியதில்லை. மகளுக்குச் சோற்றுத் தட்டைக் கதவிடுக்கு வழியாகத் தள்ளுவாள், தட்டு தொடாமல் திரும்பி வரும். "ஒரு வாய் தின்னுட்டி" என்பாள்.

ஆடி அமாவாசைக்கு முந்தின நாள் மத்தியானம், சொந்தக்காரர்கள் கூடத்தில் உட்கார்ந்து பேசி முடித்துப் போன பிறகு, பலவேசம் தோட்டத்து ஷெட்டில் இருந்த பூச்சிமருந்துப் பாட்டிலைக் கொண்டுவந்து உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"நாளைக்கு அமாவாசை. கழியட்டும்" என்றார். "அது கழிஞ்சு பால்ல கலந்து குடு. நான் குடுத்தா வாங்கமாட்டா. நீ குடுத்தா குடிச்சிருவா."

வடிவு அவரைப் பார்த்தாள்.

"அவளே குடிச்சான்னு சொல்லிக்கிடலாம். ஊரு ஒண்ணும் கேக்காது, கேட்டிருந்தா இதுக்கு முந்தியே கேட்டிருக்கும். வீட்ல ஒரு கண்ணு கிடையாது, என்ன பயம்?" போகத் திரும்பியவர் நின்றார். "எனக்கு மட்டும் வலிக்காதா வடிவு" என்றார், போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டார்.

அமாவாசையன்று அவர் ஆற்றுக்குப் போய்த் தன் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வந்தார். அதற்கடுத்த நாள் மத்தியானம் வடிவு பாலைக் காய்ச்சினாள், தம்ளரில் ஊற்றினாள், பாட்டிலை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். கொஞ்சநேரம் இரண்டையும் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து அம்மிக்குழவியைத் தூக்கினாள். குழவியை இரண்டு கையாலும் பிடித்து, ஜன்னல் இருந்த இடத்தில், தன் முகத்துக்கு நேராக ஒரு கல்லைப் பார்த்து இடித்தாள். நீர் விடாத சாந்து, மூன்றாவது இடிக்கு உதிர்ந்தது. கல் வெளியே விழுந்தது. மறைப்புக்குப் பலகை இல்லை, கண்ணாடி இல்லை, கம்பி இல்லை, ஒரு செங்கல் அளவுக்கு வெறும் ஓட்டை. பனிக்கடல் ஜனங்கள் பேர் வைத்த நாளில் இருந்தது போல.

காற்று வந்து பார்த்தது. அவள் முகத்தைப் பார்த்தது, தம்ளரைப் பார்த்தது, பாட்டிலைப் பார்த்தது. "பாத்துக்கோ" என்றாள் வடிவு. "நல்லாப் பாத்துக்கோ."

ஊரில் அப்போது எல்லோரும் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்த நேரம். ஜன்னல்கள் இந்தத் தடவை சொட்டவில்லை, கொட்டின. மதகைத் திறந்தது மாதிரி கட்டையைத் தாண்டி வழிந்து, படுக்கையை நனைத்து, டிவிக்குள் புகுந்து, அரிசி மூட்டைகளை ஊறவைத்து, கணுக்கால் அளவுக்கு வீட்டுக்குள் நின்றது. நந்தியாவட்டையை ஒற்றப்போனவர்கள் கையை ஜன்னல் தட்டிவிட்டது. கதவுப் பலகையை இழுத்துச் சாத்தினால் அறைந்து திறந்துகொண்டது. கடைசியில் ஜனங்கள் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, சேலையைச் செருகிக்கொண்டு, ஈரமும் கோபமுமாகத் தெருவில் இறங்கி, எங்கே போகவேண்டும் என்று ஒருவரையொருவர் கேட்காமலே பலவேசம் வீட்டு வாசலுக்குப் போய் நின்றார்கள். எல்லோருக்கும் வழி தெரிந்திருந்தது. ஒரு பெண்ணுக்காகவா வந்தார்கள், அரிசிக்காக வந்தார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது, ஆனால் வந்தார்கள்.

"பலவேசண்ணாச்சி! ஏ அண்ணாச்சி!" சங்கரபாண்டியன் கதவைத் தட்டினார். "எங் கடை அரிசியெல்லாம் ஊறிப்போச்சு. ஒம்ம வீட்ல என்னவே நடக்கு?"

ஆனி மாதம் முழுக்க யாரும் கேட்காத கேள்வி அது. பலவேசம் கதவைத் திறந்து வாசலை மறித்து நின்றார்.

"ஒண்ணும் நடக்கல. போயிட்டு வாங்க."

அப்போது அடுக்களைச் சுவரில் இருந்த ஓட்டை வழியாக ஒரு குரல் வந்தது. அது யார் குரல் என்று ஊருக்கு முதலில் தெரியவில்லை.

"எம் மவ மாடியிலதான் இருக்கா. அவளுக்கு நான் பால்ல வெசம் கலக்கணுமாம். கலக்கட்டா, இல்ல நீங்க உள்ள வாரியளா?"

தெரிந்த விஷயம்தான், ஆனால் எல்லோர் காதிலும் ஒரே நேரத்தில் விழுந்துவிட்ட பிறகு மெட்ராஸ் ஐ என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. சங்கரபாண்டியன் தரையைப் பார்த்தார். ரத்னபாய் டீச்சர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பலவேசத்தின் கைக்கு அடியில் குனிந்து உள்ளே போனாள், அவளுக்குப் பின்னால் இரண்டு பெண்கள், அப்புறம் நாலு பேர், அப்புறம் யார் போனார்கள் யார் போகவில்லை என்று எண்ண முடியாதபடிக்கு எல்லோரும். பூட்டை உடைத்தார்கள். உலகம்மை கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி படியிறங்கி வந்தாள். அவளுக்கு வெளிச்சம் கூசியது.

டீச்சர் ஸ்கூட்டியை எடுத்தாள். கணவாய் தாண்டி, வேறு ஊருக்கு, டீச்சர் பேச்சைக் கேட்டு முன்பே ஊரைவிட்டுப் போன அன்புதாசன் காத்திருக்கிற இடத்துக்கு. உலகம்மை ஏறப்போனவள் திரும்பி அடுக்களைப் பக்கம் ஓடி, வெளியிலிருந்து அந்த ஓட்டையில் முகத்தை வைத்தாள்.

"நீயும் வாம்மா."

"நீ போட்டி."

"ஒன்ன இங்க விட்டுட்டு எப்படிம்மா போவேன்? வந்துரு."

"நான் வந்துட்டா இந்த ஓட்டைய அடைச்சிருவாவ" என்றாள் வடிவு. "அப்புறம் ஒன்ன நான் எப்படிப் பாக்க?"

அதற்குப் பிறகு கணவாய்ப்புதூர் ஒரு மாதிரி திருந்தியது, அதாவது அதற்குத் தெரிந்த விதத்தில். கூட்டம் போட்டு, ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புப் பெயின்ட் அடித்தார்கள். இப்போது கட்டுகிற வீடுகளுக்கு ஜன்னலே வைப்பதில்லை, ஏசி போட்டுக்கொள்கிறார்கள், கேட்டால் கரண்டு பில்லைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்வார்கள். ரத்னபாய் டீச்சரை எந்தப் பால்காய்ப்புக்கும் கூப்பிடுவதில்லை, கூப்பிட்டாலும் மைக்கைத் தருவதில்லை. போலீசும் கேசும் வந்து, நடந்து, இழுத்துக்கொண்டிருக்கிறது. ஜாமீனில் வந்த பலவேசம் வேறு போக்கிடம் இல்லாமல் அந்த வீட்டிலேயேதான் இருக்கிறார், அடைத்த ஜன்னல்களுக்கு நடுவில். சாந்துச் சட்டியோடு அடுக்களைக்கு இரண்டொரு தடவை வந்தார். அடுக்களை மேடைமேல் ஏறி, ஓட்டையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டு வடிவு இறங்கவில்லை. அவர் அந்த வீட்டில் பால் குடிப்பதில்லை.

ஒவ்வொரு மத்தியானமும் வடிவு தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு மேடைமேல் அந்த ஓட்டைக்கு நேராக உட்காருகிறாள். முதல் உருண்டையைப் பிசைந்து கையில் வைத்துக்கொண்டு, "சாப்ட்டியாட்டி?" என்று கேட்கிறாள். மலைக்கு அந்தப் பக்கம், பஸ்ஸில் போனால் அரை நாள் தூரத்தில், ஒரு வாடகை வீட்டின் சின்ன ஜன்னல் அந்த நேரத்துக்கு லேசாகக் கலங்குகிறது. உலகம்மை எழுந்து போய் முந்தானை நுனியால் அதைத் துடைத்துவிடுகிறாள்.

"சாப்ட்டேம்மா" என்கிறாள். "நீ சாப்டு."

காற்று திரும்பி வந்து ஓட்டை ஓரம் ஈரமான பிறகுதான் வடிவு அந்த உருண்டையை வாயில் வைக்கிறாள்.